பதிவிரதையா? பாட்டாளியா?

பெண்மக்களுக்குச் சமத்துவம் வேண்டுமென்று நாம் எங்கு பேசினாலும், கூட்டத்தின் பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி தவறாமல் வருகின்றது. "அப்படியானால் இத்தனை நூற்றாண்டுகளாகப் பெண்கள் சாதித்ததுதான் என்ன? பேர் சொல்லும்படியான ஒரு சித்திரக்காரியையாவது காட்டுங்கள் பார்ப்போம்" என்பதே அக்கேள்வி. கேட்டவர் நம்மை மடக்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு பக்கத்திலிருப்பவரைப் பார்த்துச் சிரிப்பார். நாம் அவரைக் கோபித்துக்கொள்வதில்லை. கேட்பது நல்லதே. ஆனால் கேட்டவர் பதிலையும் கொஞ்சம் பொறுமையோடு கேட்டுப்போக வேண்டும்.

நமது பதில் இரண்டு பங்காகும். பெண்கள் வேலை செய்யக்கூடிய இடங்களின் கதவுகளையெல்லாம் அடைத்துப் பூட்டிவிட்டு, "உள்ளே ஏன் ஒருத்தியையும் காணோம்?" என்று கேட்பது யோக்கியமல்ல என்பது ஒரு பங்கு. இது பலரும் சொல்வதுதான். மற்றொரு பங்கைத்தான் யாரும் அதிகமாகக் கவனிப்பதில்லை. அதாவது, பூட்டிய கதவையும் தாண்டி ஒரு பெண் பெரிய வேலை ஒன்றைச் செய்து முடித்துவிட்டால், அந்த வேலையை அவள் கணக்கில் எழுதாமல் "புருஷ பக்தி" என்னும் கணக்கில் வரவு வைத்துவிடுகிறார்கள் என்பதாகும். அதற்கு உதாரணமாக இங்கிலாந்து தேசத்தில் பூவும் செடியும் எழுதிப் பிழைத்த ஓர் அம்மையாரின் கதையை இங்கே எடுத்துக்கொள்ளுகிறோம். அவர் பெயர் எலிசபெத் பிளாக்வெல்.

இந்தப் பெயரைக் கேட்டவுடன் சில தோழர்கள், "அமெரிக்காவில் முதன்முதல் வைத்தியப் பட்டம் பெற்ற பெண் அல்லவா?" என்பார்கள். அல்ல. அவர் 1849-ல் பட்டம் பெற்ற வேறோர் அம்மையார். நாம் சொல்லுகிறவர் அவருக்கு நூறு வருஷத்துக்கு முந்தியவர். ஒரே பெயர் கொண்ட இருவரில் ஒருவரை உலகம் கொஞ்சமாவது அறியும். மற்றவரை அந்தப் பெயருக்குள்ளேயே புதைத்துவிட்டது.

கதை வழக்கமாகச் சொல்லப்படும் விதம்

எலிசபெத்தின் கணவன் அலெக்சாந்தர் பிளாக்வெல். கொஞ்சம் படித்தவன்; வைத்தியமும் தெரியும் என்று சொல்லிக்கொண்டவன். லண்டனில் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்துவிட்டு, பிறகு தானே ஓர் அச்சுக்கூடம் வைத்தான். அக்காலத்தில் அச்சுத் தொழில் நடத்துகிறவர்கள் பல வருஷம் முறைப்படி ஒருவரிடம் தொழில் பழகியிருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு இருந்தது. இவன் பழகவில்லை. மற்ற அச்சுக்கூடக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். அபராதம் விழுந்தது. ஏற்கெனவே கடன், அதன்மேல் அபராதம். கட்ட முடியாமல் கடன்காரர்களை அடைக்கும் ஜெயிலுக்குப் போனான்.

வெளியில் நின்றது எலிசபெத். வருமானம் இல்லை. கடனோ கழுத்தளவு. அவருக்குத் தெரிந்தது சித்திரம் எழுதுவது ஒன்றுதான். லண்டன் வைத்தியர்களுக்கு மருந்துச் செடிகளை நன்றாக அடையாளம் காட்டக்கூடிய புதிய படப் புத்தகம் ஒன்று தேவையாயிருக்கிறது என்று அறிந்தார். செல்சி என்னுமிடத்தில் மருந்து செய்வோர் சங்கத்தார் 1673-ல் ஏற்படுத்திய மூலிகைத் தோட்டத்தின் அருகில் ஜாகை பிடித்துக்கொண்டார். அங்கே பூத்ததையும் காய்த்ததையும் பார்த்துப் பார்த்து எழுதினார். படங்களை ஜெயிலுக்கு எடுத்துச் சென்று கணவனிடம் காட்டுவார். அவன் லத்தீன் முதலிய பாஷைகளில் அச்செடிகளின் பெயர்களைச் சொல்லிக் கொடுப்பான். புத்தகம் விற்றது. கடன் அடைந்தது. கணவன் விடுதலையானான்.

இதுதான் கதை. இதைச் சொன்னவர்களெல்லாம் கடைசியில் "ஆகா! எப்பேர்ப்பட்ட பத்தினி!" என்று முடித்துவிடுகிறார்கள். நம் நாட்டில் குஷ்டரோகியான கணவனைக் கூடையில் வைத்து தாசி வீட்டுக்குச் சுமந்துபோன நளாயினி கதையைச் சொல்லுகிறவர்கள் எப்படி முடிப்பார்களோ, அப்படியே முடிக்கிறார்கள். வெள்ளைக்காரன் ஊரானால் என்ன, நம்மூரானால் என்ன, சுமக்கிறவள் தலையிலுள்ள பாரத்தைப் பற்றிப் பேச்சில்லை. கூடைக்குள் இருப்பவனைப் பற்றியே பேச்சு!

வேலையைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம்

நாம் அந்தக் கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வேலையை மாத்திரம் கணக்குப் பார்ப்போம்.

அம்மையார் எழுதிய படங்கள் 500. வாரத்திற்கு நான்கு படம் வீதம், விளக்கத்தோடு பகுதி பகுதியாக வெளியிட்டார். நான்கு படம் வீதமென்றால் 125 வாரம் ஆகிறது. 1737-ல் தொடங்கி 1739-ல் முடிந்தது. ஆங்கிலத்தில் "ஏ கியூரியஸ் ஹெர்பல்" என்று பெயர். பெரிய தாளில் இரண்டு பாகம்.

வாரம் நான்கு படம் என்றால் இலேசாகத் தோன்றும். அந்தக் காலத்தில் ஒரு படம் எப்படி அச்சாயிற்று என்பதைத் தெரிந்துகொண்டால்தான் அதன் பாரம் புரியும். முதலில் செடியைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். வேர், தண்டு, இலை, பூ, விதை ஒன்றும் தவறக்கூடாது; ஏனெனில் இது சுவரில் மாட்டி அழகு பார்க்கும் படமல்ல, மருந்துக்காரன் கையில் வைத்துக்கொண்டு செடியைப் பிடுங்கும் படம். பிறகு அதைச் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்க வேண்டும். தகட்டில் இடது பக்கம் இருப்பது தாளில் வலது பக்கமாக விழும். ஆகவே எல்லாவற்றையும் தலைகீழாக நினைத்துக்கொண்டே செதுக்க வேண்டும். கை தவறினால் தகடு வீண். அச்சான பிறகு ஒவ்வொரு பிரதிக்கும் தூரிகையால் தனித்தனியே வர்ணம் கொடுக்க வேண்டும். வழக்கமாக இந்த மூன்று வேலைக்கும் மூன்று தொழிலாளிகள் இருப்பார்கள்: எழுதுகிறவன் ஒருவன், செதுக்குகிறவன் ஒருவன், வர்ணம் தீட்டுகிறவன் ஒருவன். எலிசபெத் மூன்றையும் தாமே செய்தார். கூலி கொடுத்து ஆள் வைக்க அவரிடம் காசில்லை என்பதே அதற்குக் காரணம்.

புத்தகத்தின் முதல் படம் எது தெரியுமா? ரோஜா அல்ல. சாலையோரத்திலும் வயல் வரப்பிலும் தானே முளைத்து மஞ்சளாய்ப் பூக்கும் டாண்டிலியன் என்னும் களைச்செடி. அதன்பின் வெள்ளரி, மாதுளை, அத்தி, அந்நாளில் "காதல் ஆப்பிள்" என்று அழைக்கப்பட்ட தக்காளி, தூர தேசத்திலிருந்து வந்த காப்பிச் செடி என்று போகிறது. சீமான்களின் பூஜாடிக்கு வேண்டிய பூவல்ல, நோயாளிக்கு வேண்டிய பூவே அவருடைய பூ.

கண்ணால் பார்த்தல்

இதில் பகுத்தறிவுக்காரர்கள் முக்கியமாய்க் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்றுண்டு.

அவருக்கு முன் இங்கிலாந்தில் பெரும் மதிப்புடன் விளங்கிய மூலிகை நூல் 1597-ல் ஜான் ஜெரார்டு என்பவர் வெளியிட்டது. அதிலிருந்த படங்களில் மிகப் பெரும்பாலானவை செடியைப் பார்த்து எழுதியவையல்ல. ஜெர்மனியில் வேறொரு புத்தகத்துக்காகச் செதுக்கிய மரக்கட்டைகளை வாங்கி அச்சடித்தவை. அதுமாத்திரமா? அந்தப் புத்தகத்தின் கடைசியில் ஒரு மரத்தின் படம் இருக்கின்றது. அந்த மரத்தில் சிப்பி காய்க்குமாம். சிப்பி வெடித்து வாத்து வெளியே வருமாம்! நம்மூர்ப் புராணிகரும் இதைக் கேட்டால் வெட்கப்படுவார். படித்த மேதாவிகள் மரியாதையோடு வைத்துப் போற்றிய புத்தகத்தின் யோக்கியதை இது. ஒருவன் எழுதியதை மற்றொருவன் பார்த்து எழுதுவது, அவன் எழுதியதை வேறொருவன் பார்த்து எழுதுவது. செடியைப் போய்ப் பார்ப்பார் யாருமில்லை. இதற்குத்தான் சாஸ்திரப் பிரமாணம் என்று பெயர்.

பள்ளிக்கூடத்தில் தாவர சாஸ்திரம் படித்தறியாத எலிசபெத் என்ன செய்தார்? தோட்டத்துக்குப் போனார். செடி எதிரே உட்கார்ந்தார். கண்ணால் பார்த்ததை எழுதினார். பகுத்தறிவு என்று நாம் தொண்டை வறளக் கத்துவதெல்லாம் இந்த மூன்று காரியத்தைத்தான்.

ஆனால் நாம் அவரைத் தெய்வமாக்கவும் வரவில்லை. விளக்கங்களில் பெரும்பகுதி ஜோசப் மில்லர் என்பவர் 1722-ல் வெளியிட்ட நூலிலிருந்து அவருடைய சம்மதத்தின் பேரில் சுருக்கி எடுத்தது. செல்சி தோட்டத்தை மருந்து செய்வோர் சங்கத்தாருக்கு நிரந்தரமாக விட்டுக்கொடுத்த சர் ஹான்ஸ் ஸ்லோன் என்ற வைத்தியரும், தோட்டத்துப் பொறுப்பிலிருந்த ஐசக் ராண்டு என்பவரும் உதவி செய்தார்கள். கணவனும் ஜெயிலிலிருந்தபடி பெயர்களைச் சொன்னான். அந்தந்த உதவி அவரவர் கணக்கில் இருக்கட்டும். நாம் கேட்பதெல்லாம், பெயர் சொன்னவன் பங்கு பெயர். 500 தகடு செதுக்கியவள் பங்கு 500 தகடு. இந்தக் கணக்கைச் சரியாக எழுதுங்கள் என்பதுதான்.

கடன் அடைந்த பிறகு

நிற்க, "கணவன் விடுதலையானான், சுபம்" என்று கதையை முடிக்கிறார்களே, அதன்பின் நடந்தது என்ன?

அலெக்சாந்தர் வெளியே வந்து மறுபடியும் கடன் வாங்கினான். புத்தகத்தின் உரிமையில் பங்குகள் விற்கப்பட்டன. இங்கே இங்கிலாந்து நாட்டின் அப்போதைய சட்டத்தை நினைவுபடுத்த வேண்டும். கலியாணமான பெண்ணுக்குத் தனிச் சொத்து கிடையாது. அவள் சம்பாதித்ததும் புருஷனுடையதே. 1870-லும் 1882-லும் சட்டம் மாற்றப்படும் வரையில் அங்கே அதுவே பொது நியாயம். நாகரிகத்தில் உலகத்துக்கே வாத்தியார் என்று சொல்லிக்கொண்ட தேசத்தின் யோக்கியதை அது! இரவும் பகலும் தகடு செதுக்கியவள் எலிசபெத். அந்தத் தகட்டுக்குச் சட்டப்படி எஜமானன், அதைத் தொட்டுக்கூடப் பாராத ஒருவன்.

வேறு சிலர் அந்தப் படங்களைத் திருட்டுத்தனமாகக் காப்பியடித்து விற்கவும் தொடங்கினார்கள். வழக்கு நீதிமன்றம் போயிற்று. 1740-ல் தீர்ப்பான "பிளாக்வெல் எதிர் ஹார்ப்பர்" என்பது சட்டப் புத்தகங்களில் இடம்பெற்ற வழக்கு. செதுக்குச் சித்திரக்காரர்களுக்குப் பாதுகாப்பளிக்க 1735-ல் ஒரு சட்டம் வந்திருந்தது. "அச்சட்டம் ஒருவன் தன் கற்பனையிலிருந்து உண்டாக்கின படத்துக்குத்தான், செடி இயற்கையில் இருப்பது, அதைப் பார்த்து எழுதியதற்கு என்ன உரிமை?" என்று எதிர்தரப்பில் வாதம். நீதிபதி ஹார்ட்விக் பிரபு அதை ஒப்பவில்லை. இயற்கையில் உள்ளதைப் பார்த்துச் செதுக்குவதும் உழைப்பே, அதற்கும் சட்டத்தில் இடமுண்டு என்பது அவருடைய முடிவு. ஆகவே, ஊரார் "பத்தினி" என்று புகழ்ந்துகொண்டிருந்தபோது, அவருடைய உழைப்பை உழைப்பு என்று சொன்ன இடம் ஒரு நீதிமன்றம் மாத்திரமே!

கணவனோ 1742-ல் சுவீடன் தேசத்துக்குப் போனான். மனைவி லண்டனிலேயே இருந்தார். அங்கே அரசனுக்கு வைத்தியம் பார்த்து செல்வாக்குப் பெற்றான். பிறகு அந்நாட்டு அரசுரிமையை மாற்றச் சதி செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1747-ல் தலை வெட்டப்பட்டான். வெட்டுமேடையில் தலையைத் தப்பான பக்கத்தில் வைத்துவிட்டு, "முதல் தடவையல்லவா, பழக்கமில்லை" என்கிற தோரணையில் வேடிக்கை பேசினான் என்று சொல்லப்படுகிறது. இந்த வேடிக்கைப் பேச்சை உலகம் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அவன் செத்த தேதி எல்லோருக்கும் தெரியும். 500 செடிகளை எழுதிய அம்மையார் பிறந்த வருஷத்தைப் பாருங்கள்: 1699 என்று ஒரு புத்தகம், 1700 என்று ஒரு புத்தகம், 1707 என்று மற்றொரு புத்தகம். பிறந்த ஊரையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்லுகிறார்கள். 1758-ல் செல்சியில் புதைக்கப்பட்டார் என்பது மாத்திரம் நிச்சயம். ஆகாத வேலை செய்து செத்தவனுக்குத் தேதி! ஆன வேலை செய்து செத்தவளுக்குத் தோராயம்!

வேலை மாத்திரம் அவரை விட்டுப் போகவில்லை. ஜெர்மனியில் நூரம்பெர்க் நகரத்து வைத்தியரான டிரூ என்பவர் அப்படங்களைத் திருத்தி, புதிதாகச் செதுக்கச் செய்து, நூறு படம் கூட்டி, 600 ஆக்கினார். 1750 முதல் 1773 வரையில் அது வெளிவந்தது. அந்தப் புத்தகத்துக்கு "ஹெர்பாரியம் பிளாக்வெல்லியானம்" என்று அம்மையாரின் பெயரையே வைத்தார். தவறு கண்ட இடத்தில் திருத்தி, பெயரை மாத்திரம் உரியவருக்கே விட்டுவைப்பதுதான் அறிவுள்ளவன் மற்றொரு தொழிலாளிக்குக் காட்டும் மரியாதை. பின்னர் ஒரு செடி இனத்துக்கு "பிளாக்வெல்லியா" என்று பெயரிட்டார்கள். அந்த இனத்தையும் பிற்காலத்தில் "ஹோமேலியம்" என்னும் வேறோர் இனத்துக்குள் சேர்த்துவிட்டபடியால், செடியிலும் அந்தப் பெயர் நிலைக்கவில்லை.

கதவுகள்

அம்மையார் எந்தச் சங்கத்தின் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதினாரோ, எந்த மருந்துக்காரர்களுக்குப் பயன்பட எழுதினாரோ, அந்தச் சங்கத்தில் ஒரு பெண் உரிமை பெற்று மருந்துத் தொழில் செய்ய எவ்வளவு காலம் ஆயிற்று? 1865-ல் எலிசபெத் கேரட் என்ற பெண், விதியில் இருந்த ஓட்டை ஒன்றின் வழியாக அச்சங்கத்தின் பரீட்சையில் தேறி உரிமை பெற்றார். உடனே சங்கத்தார் என்ன செய்தார்கள்? வேறொரு பெண் வந்துவிடாதபடி ஓட்டையை அடைத்தார்கள்! பெண் எழுதிய படத்தைப் பார்த்து மருந்து அரைக்கலாம். பெண் மட்டும் மருந்து அரைக்கக் கூடாது.

சித்திரக்காரர் உலகமும் இதே லட்சணந்தான். இங்கிலாந்தில் 1768-ல் ராயல் அகாடமி ஏற்பட்டபோது அதை நிறுவிய உறுப்பினர்களில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் மேரி மோசர். அவரும் பூ எழுதுகிறவரே. அந்த உறுப்பினர்களையெல்லாம் ஒன்றாக வைத்து ஜோபனி என்பவர் ஒரு படம் எழுதினார். நிர்வாணமாய் நிற்கும் ஓர் ஆளைப் பார்த்துச் சித்திரம் பழகும் அறையில் ஆண்கள் கூடியிருக்கிறார்கள். பெண்கள் இருவர் எங்கே? அந்த அறைக்குள் பெண் வரலாகாதென்று, சுவரில் மாட்டிய இரண்டு படங்களாக அவர்களை வைத்துவிட்டார்! அவர்களுக்குப் பிறகு வேறொரு பெண் முழு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டது எப்போது? 1936-ல், லாரா நைட். நடுவில் போன நூற்றறுபத்தெட்டு வருஷத்துக்கு யார் ஜவாப் சொல்லுவது?

மனித உடலைப் பார்த்து எழுதப் பழகக் கூடாது என்று தடுத்தார்கள். ஆகையால் பெண்கள் பூவை எழுதினார்கள். பூவை எழுதியவுடன், "பூ எழுதுவது பெண்பிள்ளை வேலை, பெரிய சித்திரமல்ல" என்று தள்ளினார்கள். கையைக் கட்டிவிட்டு நீந்தத் தெரியாது என்று பரிகாசம் செய்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ஆட்சேபணைக்குச் சமாதானம்

"கணவன் மேலிருந்த அன்பினால்தானே அவள் எழுதினாள்? அதைச் சொல்லுவதில் குற்றமென்ன?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். அன்பை நாம் குறை சொல்லவில்லை. துன்பப்படுகிற ஒருவருக்கு மற்றொருவர் உதவுவது மனிதத்தன்மை. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். அதே தீவில் சர் வால்டர் ஸ்காட் என்ற ஆசிரியர் இருந்தார். 1826-ல் கூட்டு வியாபாரம் முறிந்து ஒரு லட்சம் பவுனுக்கு மேல் கடனாளியானார். ஓயாமல் கதை எழுதிக் கடனடைத்தார். அவரை உலகம் என்னவென்று அழைக்கிறது? கதாசிரியர் என்று அழைக்கிறது. "நல்ல கடனாளி" என்றோ, "குடும்பத்துக்குக் கட்டுப்பட்ட குணவான்" என்றோ சொல்லி நிறுத்துவதில்லை. ஆண் கடனுக்காக எழுதினாலும் ஆசிரியன். பெண் கடனுக்காக எழுதினால் பத்தினி. ஒரே காரியத்துக்கு இரண்டு தராசு ஏன்?

இந்தப் பத்தினிப் பட்டம் வெறும் புகழ்ச்சிதானே என்று விட்டுவிடவும் முடியவில்லை. அது ஒரு சங்கிலி. வேலையைப் புகழ்ந்தால் கூலி கேட்பாள், உரிமை கேட்பாள், தகடு என்னுடையது என்பாள். பக்தியைப் புகழ்ந்துவிட்டால் ஒன்றும் கேட்க மாட்டாள். கேட்டால் பக்தி குறைந்துவிட்டதென்று சொல்லிவிடலாம். கூலி கொடுக்க மனமில்லாத முதலாளி தொழிலாளியை "நம் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்று தட்டிக்கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது போன்றதே இது.

ஆகவே தோழர்களே, நாம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இந்த அம்மையாரின் கதையை எங்காவது சொல்ல நேர்ந்தால், முதலில் 500 செடிகளைச் சொல்லுங்கள். எழுதினார், செதுக்கினார், வர்ணம் தீட்டினார் என்று சொல்லுங்கள். கணவனின் கடனைக் கடைசியில், நேரமிருந்தால் சொல்லுங்கள். பின்வரிசையிலிருந்து "பெண்கள் சாதித்தது என்ன?" என்று கேட்கும் தோழரைப் பார்த்து நீங்களும் ஒன்று கேளுங்கள்: "ஐயா, உங்கள் வீட்டில் இன்று காலை முதல் இரவு வரை நடந்த வேலைகளில் எவ்வளவு எவர் கையால் நடந்தது? அதில் எவ்வளவு உங்கள் பேரில் எழுதப்பட்டிருக்கிறது?" அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்குவாரானால், அன்றைய கூட்டம் வீண்போகவில்லை என்று நாம் திருப்தியடைவோம்.